ஷாம்ராக் தொங்கல்: பட்டை வெட்டிய கிறிஸ்டலா, ஊதிச் செய்த கண்ணாடியா?

கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிட, ஷாம்ராக் என்ற மூன்று இலைச் செடி, யாழ் போன்ற அயர்லாந்துச் சின்னம் உள்ள கண்ணாடி அலங்காரம் தேடினால் பெரும்பாலும் இரண்டு வகை கண்ணில் படும். ஒன்று, அயர்லாந்தின் வாட்டர்ஃபோர்ட் நகரப் பாணியில் பட்டை வெட்டிய கனமான கிறிஸ்டல். இன்னொன்று, அச்சுக்குள் ஊதி, உள்ளே வெள்ளி பூசி, வெளியே வண்ணம் தீட்டிய மெல்லிய கண்ணாடி. கிறிஸ்டலுக்கு விலை அதிகம் என்பதால் அதுதான் உசத்தி என்று பலரும் அதையே எடுக்கிறார்கள். மரத்துக்கு என்றால் நான் ஊதிச் செய்த கண்ணாடியின் பக்கம்தான். ஆனால் எந்தச் சின்னம் என்பதைப் பொறுத்து இது மாறும்.

கிறிஸ்டலின் கனத்துக்கு ஒரு கதை இருக்கிறது. பிரிட்டன் 1745-ல் கண்ணாடிக்கு எடைக் கணக்கில் வரி போட்டது. இங்கிலாந்துப் பட்டறைகள் கண்ணாடியை மெலிதாக்கத் தொடங்கின. அயர்லாந்துக்கு அந்த வரி கிடையாது. ஆனால் கண்ணாடியை ஏற்றுமதி செய்யத் தடை இருந்தது. 1780-ல் அந்தத் தடை நீங்கியதும் தொழில் கிளம்பியது. 1783-ல் ஜார்ஜ் பென்ரோஸும் வில்லியம் பென்ரோஸும் வாட்டர்ஃபோர்டில் ஆலை தொடங்கினார்கள். வரி இல்லாததால் தடிமனாகச் செய்யலாம், தடிமன் இருந்ததால் ஆழமாக வெட்டலாம். அந்த ஆழமான வெட்டுதான் ஐரிஷ் கண்ணாடியின் முகமாக நிலைத்தது. 1825-ல் வரி அயர்லாந்துக்கும் வந்துசேர, தொழில் தேய்ந்து, 1851-ல் ஆலை மூடப்பட்டது. சுமார் நூறு ஆண்டு கழித்து, 1947-ல், செக் நாட்டிலிருந்து வந்த சார்லஸ் பாசிக் அதே ஊரில் மீண்டும் தொடங்கினார். அவரோடு சேர்ந்த மிரோஸ்லாவ் ஹாவெல் டப்ளின் தேசிய அருங்காட்சியகத்தில் இருந்த பழைய பாத்திரங்களைப் பார்த்துப் பார்த்து வெட்டு வடிவங்களை மீட்டெடுத்தார். 1952-ல் அவர் வரைந்த லிஸ்மோர் என்ற வெட்டு வடிவம் இன்றும் வாட்டர்ஃபோர்ட் என்ற பெயரின் அடையாளம். அதனால் கிறிஸ்டல் தொங்கலில் ஷாம்ராக்கோ யாழோ இல்லாவிட்டாலும், அந்த வெட்டே ஓர் ஐரிஷ் சின்னம் என்பேன்.

ஊதிச் செய்யும் வகையின் ஊர் ஜெர்மனியில் துரிங்கியா மலைப்பகுதியில் இருக்கும் லாவ்ஷா. அங்கே 1847 வாக்கில் மரத்துக்கான கண்ணாடிக் குண்டுகள் செய்யத் தொடங்கினார்கள். 1867-ல் ஊருக்கு எரிவாயு ஆலை வந்த பிறகு சுடரைக் கட்டுக்குள் வைக்க முடிந்தது, கண்ணாடி இன்னும் மெலிந்தது. உள்ளே வெள்ளிக் கரைசலை ஊற்றிச் சுழற்றினால் கண்ணாடிச் சுவர் முழுதும் பளபளக்கும். இன்று பச்சை ஷாம்ராக், லெப்ரகான் (ஐரிஷ் கதைகளில் வரும் குட்டி மனிதன்), யாழ் என்று விற்கும் வண்ணத் தொங்கல்கள் எல்லாம் இந்த முறையின் வாரிசுகள். ஆக, சின்னம் அயர்லாந்துடையது, கைவினை ஜெர்மனியுடையது.

சரி, மரத்தில் மாட்டினால் என்ன ஆகிறது? பட்டை வெட்டிய கிறிஸ்டலுக்கு ஒளி நேராக வந்து விழ வேண்டும். ஜன்னலோரம் தொங்கவிட்டால் வெயிலில் வானவில் துண்டுகளைச் சுவரெங்கும் இறைக்கும். அடர்ந்த பச்சை இலைக்குள் மாட்டினாலோ பின்னால் இருக்கும் பச்சையே அதன் வழியாகத் தெரியும். எதிரே நிற்பவருக்கு அங்கே ஏதோ மினுங்குகிறது என்பதோடு சரி. வெள்ளி பூசிய கண்ணாடி அப்படியில்லை. ஒரு சின்ன விளக்கு அருகில் இருந்தாலே போதும், அறையின் மறுகோடியிலிருந்தும் உருவம் தெரியும். எடையும் பார்க்க வேண்டும். நோபிள் ஃபிர் மரத்தைப் போல விறைப்பான கிளை என்றால் கிறிஸ்டலைத் தாங்கும், மெலிந்த நுனி வளைந்துவிடும். கிறிஸ்டல்தான் வேண்டும் என்றால் தண்டை ஒட்டிய பருத்த கிளையில், ரிப்பனை விட்டுவிட்டுக் கம்பியால் கட்டுங்கள்.

இப்போது சின்னங்கள். ஷாம்ராக்குக்கு ஊதிய கண்ணாடியே பொருத்தம். உப்பிய மூன்று இலை அச்சில் அழகாக வரும். வாங்கும்போது இலையை எண்ணிப் பாருங்கள். நான்கு இலை என்றால் அது அதிர்ஷ்டத்துக்கான குளோவர். அயர்லாந்தின் காவல் புனிதரான பேட்ரிக், தந்தை, மகன், தூய ஆவி என்ற மூவொரு கடவுளை விளக்கக் கையிலெடுத்தார் என்று சொல்லப்படும் இலைக்கு மூன்றே இதழ்தான். இந்த வேறுபாடு தெரியாமல் ஐரிஷ் குடும்பத்துக்கு நான்கிலையைப் பரிசாகக் கொடுப்பது சங்கடம்.

கிளாடாவுக்குக் கிறிஸ்டல்தான். கால்வே நகரை ஒட்டிய மீனவக் குடியிருப்பின் பெயர் கொண்ட அந்த மோதிரச் சின்னத்தில் இரு கைகள் ஓர் இதயத்தைப் பிடித்திருக்கும், மேலே கிரீடம்: நட்பு, அன்பு, விசுவாசம். ஊதும் அச்சில் விரல்கள் பருத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. இதயம் மட்டும்தான் மிஞ்சுகிறது. தட்டையான கிறிஸ்டல் வில்லையில் செதுக்கினால் ஒவ்வொரு விரலும் தனியாக நிற்கும். கோடுகள் பின்னிப் பிணைந்து செல்லும் கெல்டிக் முடிச்சுக்கும் இதே காரணம் பொருந்தும்.

யாழில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பீர் தயாரிக்கும் கின்னஸ் நிறுவனம் 1876-ல் யாழை வணிகச் சின்னமாகப் பதிவு செய்துவிட்டது. பின்னால் சுதந்திர அயர்லாந்து அதே யாழைத் தன் முத்திரையில் வைத்தபோது எதிர்ப்பக்கம் பார்க்கும்படி வைத்தது. ஒளி ஊடுருவும் கிறிஸ்டல் தொங்கல் நூலில் சுழலச் சுழல இரண்டு பக்கமும் மாறி மாறித் தெரியும். அது எனக்கு மிகவும் பிடிக்கும்.

மூன்றாவதாக ஒன்றும் உண்டு: அயர்லாந்தின் சிறு பட்டறைகளில் வண்ணக் கண்ணாடித் துண்டுகளை அடுக்கிச் சூளையில் உருக்கி ஒட்டவைக்கும் வகை. அயர்லாந்தின் புனிதரான பிரிஜித்தின் பெயரில் நாணலால் பின்னும் சிலுவைக்கு இதுபோல வேறு எதுவும் அமையாது. பட்டைப் பட்டையாக அடுக்கும்போதே பின்னல் வந்துவிடும். பிரிஜித் திருநாள் பிப்ரவரி 1 என்பதால் மரத்தை எடுத்த பிறகும் அதை ஜன்னலில் விட்டுவைக்கலாம்.

பராமரிப்பில் கிறிஸ்டலுக்கே வெற்றி. வெதுவெதுப்பான நீரில் கழுவித் துடைத்தால் புதிதாகிவிடும். வண்ணம் தீட்டியதில் தண்ணீர் படக்கூடாது, ஈரமான பரணில் வைத்தால் வெள்ளி கறுக்கும், உலோக மூடியைப் பிடித்துத் தூக்கினால் கம்பி கழன்று கீழே விழும். ஜனவரி 6-ல் அலங்காரத்தை இறக்கும்போதுதான் இவை அதிகம் உடைகின்றன.

அப்புறம், எங்கே செய்தது என்ற கேள்வி. 2009 ஜனவரியில் வாட்டர்ஃபோர்டின் பெரிய ஆலை மூடப்பட்டபோது தொழிலாளர்கள் உள்ளேயே அமர்ந்து வாரக்கணக்கில் போராடினார்கள். 2010-ல் நகருக்குள் சிறிய அளவில் உற்பத்தி மீண்டும் தொடங்கியது. ஆனால் அந்தப் பெயரில் விற்பதில் பெரும்பகுதி இன்று வேறு நாடுகளில் செய்யப்படுகிறது. வேலை இழந்த கைவினைஞர்கள் சிலர் அதே நகரில் சொந்தப் பட்டறை வைத்தார்கள். அயர்லாந்துக் கை பட்டது வேண்டும் என்றால் பெட்டியில் ‘மேட் இன் அயர்லாந்து’ என்று இருக்கிறதா பாருங்கள். ‘டிசைன்டு இன்’ (அங்கே வடிவமைத்தது) என்று மட்டும் இருந்தால், அதே விலைக்கு ஒரு சிறு பட்டறையின் தொங்கலை வாங்கிவிடலாம்.