கருப்பூரிலிருந்து இருட்டில் திரும்ப: டவுன் பஸ்ஸா, ஆட்டோவா?

சேலம் கருப்பூரில் இருக்கும் பெரியார் பல்கலைக்கழக வாசலே பெங்களூரு நெடுஞ்சாலைதான். லேப் முடிந்து ஏழு மணிக்கு வெளியே வந்தால் புது பஸ் ஸ்டாண்டு போக இரண்டு வழி.

டவுன் பஸ்ஸில் கூட்டமே காவல். சாதாரணக் கட்டண பஸ் என்றால் பெண்களுக்கு டிக்கெட்டும் கிடையாது. உள்ளே பயம் பிக்பாக்கெட் மட்டும்தான். பையை முன்பக்கம் மாட்டினால் போதும். வம்பு, பஸ் வரும்வரை ரோட்டோரம் நிற்பதில். பைக்கில் வருபவன் பெரும்பாலும் பின்னாலிருந்துதான் செயினிலோ போனிலோ கை வைப்பான். அதனால் கடை வெளிச்சத்தில், வண்டி வரும் திசையைப் பார்த்து நில்லுங்கள். ரீல்ஸ் பஸ்ஸுக்குள் பார்த்துக்கொள்ளலாம்.

ஆட்டோவில் காத்திருப்பு குறைவு, காசு அதிகம். ஏறுமுன் நம்பர் பிளேட்டைப் படமெடுத்து அறைத்தோழிக்கு அனுப்புங்கள்; டிரைவர் பார்த்தால் இன்னும் நல்லது. பை உள்பக்கம் இருக்கட்டும்.

என் ஓட்டு: ஒன்பது மணிவரை பஸ், அதற்கு மேல் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து ஆட்டோ. எதில் போனாலும் போன் பறிபோனால் துரத்தாதீர்கள். யாரிடமாவது போன் வாங்கி 112-ஐ அழையுங்கள், சிம்மை முடக்குங்கள். புகார் கொடுத்த பிறகு, தொலைந்த போன்களை முடக்கும் அரசின் சிஇஐஆர் (CEIR) தளத்தில் ஐஎம்இஐ எண்ணை, அதாவது போனின் அடையாள எண்ணைப் போட்டு போனையே முடக்கலாம்.