நார்னியா: 1 என்று போட்டதை நம்ப வேண்டாம்

நார்னியா என்ற ஏழு பாகச் சிறுவர் மாயக்கதைத் தொகுப்பின் புதுப் பதிப்புகளில் 1 என்று அச்சிட்டிருப்பது, 1955இல் ஆறாவதாக வந்த நாவல். சி. எஸ். லூயிஸ் முதலில் வெளியிட்டது 1950இல், சிங்கமும் சூனியக்காரியும் அலுமாரியும் வரும் கதை. இப்போது அதன் எண் 2. தொடங்க வேண்டியது அதில்தான். பனிக்காட்டின் நடுவே ஒரு தெருவிளக்கு ஏன் எரிகிறது? அந்தப் புதிரில்தான் பாதி மாயம். 1 என்று போட்டதை முதலில் படித்தால் விடை கைக்கு வந்துவிடும், வியப்பு போய்விடும்.

நுவரெலியா மூடுபனியில் ஒற்றை லைட் மங்கித் தெரிவதைக் கண்ட பிள்ளைக்கு அந்தக் காட்சியை விளக்கத் தேவையில்லை. கதையில் வரும் சிறுவன் எட்மண்டை மயக்கும் துருக்கி மிட்டாய்க்குத்தான் விளக்கம் வேண்டும்: நம்ம மஸ்கட் மாதிரி, ஆனால் நெய் இல்லை.

17 அத்தியாயங்கள். இரவுக்கு ஒன்றாகச் சத்தமாக வாசிக்கத் தோதான அளவு. கதை முடிவில் வரும் போர்தான் ஏமாற்றம், சில பக்கங்களில் முடிந்துவிடுகிறது.

பழைய பிரதி வாங்கினால் நடுவில் விரித்துப் பாருங்கள். மலைநாட்டு ஈரத்தில் பசை விட்டுப் பக்கம் கழன்றிருக்கலாம். வெளிச்சுவரை ஒட்டிய றாக்கையில் வைத்தால் பூஞ்சணம் நிச்சயம்.