நகர்மன்றச் சேவைக் குழுவும் என் தண்ணீர் பில்லும்: ஒன்றரை ஆண்டு அனுபவத்தின் மதிப்பீடு

குடிநீர், கழிவுநீர், தெருவிளக்கு ஆகியவை தொடர்பாகக் குடியிருப்போரும் தொழில் நடத்துவோரும் கொடுக்கும் மனுக்களை விசாரித்து முடிவு சொல்வதற்கென்றே எங்கள் நகர்மன்றத்தில் ஐந்து உறுப்பினர்கள் கொண்ட குழு ஒன்று இருக்கிறது. மாதம் ஒருமுறை கூடும் அந்தக் குழுவின் முன்னால், அலுவலக மேசையிலேயே தீர்த்துவிட முடியாத மனுக்கள் மட்டுமே வருகின்றன: பில்லில் தள்ளுபடி, இருப்பதைவிடப் பெரிய இணைப்பு, குழாய் போடப்படாத தெருவுக்குக் குழாய் நீட்டிப்பு போன்றவை. கடந்த ஒன்றரை ஆண்டில் மனுதாரராக ஒருமுறையும், தெருமுனையில் சலவையகம் நடத்தும் நண்பருக்குத் துணையாக நான்கு முறையும், வெறும் பார்வையாளராக வேறு சில முறையும் அந்தக் கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு கடையின் சேவை பிடிக்காவிட்டால் அடுத்த கடைக்குப் போகலாம். வீட்டுக்கு வரும் தண்ணீர்க் குழாய் ஒன்றுதான் என்பதால், அதை நிர்வகிப்பவர்கள் நம் கோரிக்கையை எப்படிக் கையாளுகிறார்கள் என்று எழுதிவைப்பது மற்ற எந்த மதிப்புரையையும்விட அவசியம் என்று நினைக்கிறேன்.

முதலில் என் மனு. ஒரு மாதப் பில் வழக்கமான அளவைப்போல் மூன்று மடங்கு வந்தது. வீட்டில் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு மீட்டரைப் பார்த்தபோது, அதன் முகப்பில் உள்ள சின்னச் சக்கரம் நிற்காமல் சுற்றிக்கொண்டிருந்தது. கழிப்பறைத் தொட்டியில்தான் கசிவு என்று முதலில் சந்தேகப்பட்டேன்; தொட்டித் தண்ணீரில் சில சொட்டு நிறத்தைக் கலந்து, கால் மணி நேரம் யாரும் தண்ணீர் விடாமல் பார்த்துக்கொண்டால், கசிவு இருக்கும்பட்சத்தில் நிறம் கீழே பீங்கானில் தெரிந்துவிடும். தெரியவில்லை. அப்புறம்தான், மீட்டருக்கும் வீட்டுக்கும் இடையே மண்ணுக்குள் ஓடும் குழாயின் இணைப்பில் விரிசல் இருப்பது தோண்டிப் பார்த்ததில் தெரிந்தது. நிமிடத்துக்கு அரை லிட்டர் கசிந்தாலே நாளைக்கு 720 லிட்டர், 30 நாளைக்கு 21,600 லிட்டர் ஆகிவிடும். காதுக்கும் கேட்காமல், மேல்மண்ணும் நனையாமல் போகும் தண்ணீர் இது. சரிசெய்வதற்குள் இரண்டாவது மாதப் பில்லும் அதே அளவில் வந்துவிட்டது.

மீட்டரைத் தாண்டிய தண்ணீருக்கு வீட்டுக்காரர்தான் பொறுப்பு என்று அலுவலகத்தில் சொன்னார்கள். அது விதி, அதில் எனக்கு வருத்தமில்லை. சலுகை வேண்டுமானால் குழுவிடம் மனு கொடுக்கலாம் என்று ஒரு பக்கப் படிவத்தைத் தந்தார்கள். குழாய் வேலைக்காரரின் ரசீது, பழுதின் புகைப்படம், பழுதுபார்ப்பதற்கு முன்னும் பின்னும் எடுத்த மீட்டர் அளவுகள் ஆகியவற்றை இணைத்துக் கொடுத்தேன். இந்தச் சேவையில் நான் மிகவும் மதிக்கும் விஷயம் இதற்குப் பிறகு நடந்தது. கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பாகவே, என் மனுவைப் பற்றிப் பொறியாளர் குழுவுக்கு எழுதிய குறிப்பின் நகல் எனக்கும் வந்துவிட்டது. என்னைப் பற்றி என்ன பரிந்துரைத்திருக்கிறார்கள், எந்தக் காரணத்தால் என்பதைக் கூட்டத்துக்குப் போவதற்கு முன்பே நான் படித்திருந்தேன்; மறுத்துச் சொல்ல ஏதாவது இருந்தால் அதற்குத் தயாராக ஒரு வாரம் இருந்தது.

அந்தக் குறிப்பில் இருந்த தர்க்கம் எளிமையானது, நேர்மையானது. வீடுகளின் கழிவுநீரை அளக்க மீட்டர் கிடையாது. உள்ளே வந்த தண்ணீரின் அளவை வைத்தே கழிவுநீர்க் கட்டணமும் கணக்கிடப்படுகிறது. என் வீட்டில் கசிந்த தண்ணீர் மண்ணுக்குள் போனதே தவிரச் சாக்கடைக்குப் போகவில்லை என்பதால், கூடுதல் அளவுக்கு உரிய கழிவுநீர்க் கட்டணத்தை முழுவதும் நீக்கலாம். குடிநீர்க் கட்டணத்தைப் பொறுத்தவரை, அந்தத் தண்ணீரைச் சுத்திகரித்துப் பம்ப் செய்து அனுப்பிய செலவு ஏற்கெனவே நடந்துவிட்டதால், அதில் ஒரு பகுதியைத்தான் குறைக்க முடியும்; மீதியை மன்னித்தால் அது மற்ற வீட்டுக்காரர்களின் தலையில் விழும். மீட்டரே தவறாக ஓடியிருக்கலாமே என்று ஓர் உறுப்பினர் கேட்டதற்கு, உள்ளே சக்கரம் சுழலும் வகை மீட்டர்கள் தேயத் தேயக் குறைவாகக் காட்டுவதுதான் வழக்கம் என்றும், விட்டுவிட்டுத் தண்ணீர் வரும் இடங்களில் குழாயில் நிறையும் காற்று மீட்டரைச் சுழற்றிவிடுவது உண்டு, இங்கே எந்நேரமும் தண்ணீர் இருப்பதால் அதற்கு இடமில்லை என்றும் பொறியாளர் பொறுமையாக விளக்கினார். பத்து நிமிடத்தில் என் மனு முடிந்தது. பத்து நாளில் காரணங்களோடு கடிதம் வந்தது.

அதே கூட்டத்தில் இன்னொருவரின் மனுவை நிராகரித்தார்கள். அவருக்கும் பில் மூன்று மடங்கு. ஆனால் கசிந்தது கழிப்பறைத் தொட்டி. அந்தத் தண்ணீர் முழுவதும் சாக்கடைக்குள்தான் போயிருக்கிறது என்பதால் கழிவுநீர்க் கட்டணத்தை நீக்க முகாந்திரமில்லை என்றார்கள். அவர் முகத்தைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. எனினும் எனக்குச் சாதகமாக இருந்த அதே அளவுகோல்தான் அவருக்குப் பாதகமாக இருந்தது என்பதை அவரே ஒப்புக்கொண்டு, தவணையில் கட்ட அனுமதி பெற்றுக்கொண்டு போனார். ஆளைப் பார்த்து முடிவு செய்யாத குழு என்ற நம்பிக்கை எனக்கு அன்றுதான் வந்தது.

இவ்வளவு நன்றாக நடக்கும் விசாரணை இருப்பதே பலருக்குத் தெரியாது என்பதுதான் என் முதல் குறை. நிலுவைக்காக வரும் அறிவிப்பில் இணைப்பைத் துண்டிக்கும் தேதி முன்பக்கத்தில் தடித்த எழுத்தில் இருக்கிறது. மனு கொடுக்கலாம் என்ற தகவல் பின்பக்கத்தில், நாலாவது பத்தியில், பூதக்கண்ணாடி தேவைப்படும் எழுத்தில் இருக்கிறது. இது அழகு சார்ந்த விஷயம் அல்ல. அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில், முன்பு இரண்டு குடித்தனங்களாக இருந்து இரண்டிரண்டு மின், எரிவாயு மீட்டர்களோடு இருந்த வீட்டை வாங்கிய ஒரு குடும்பத்துக்கு இரட்டைப் பில் வந்துகொண்டே இருந்தது. யாரிடம் முறையிடுவது என்று தெரியாமல் அலைந்த அவர்களின் இணைப்பு திரும்பத் திரும்பத் துண்டிக்கப்பட்டது. அந்த வழக்கில் 1978-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், பணம் கட்டவில்லை என்று எச்சரித்தால் மட்டும் போதாது, பில்லை எதிர்த்து முறையிடும் வழி இன்னது என்பதையும் துண்டிப்பதற்கு முன்பே வாடிக்கையாளருக்குத் தெரிவித்தாக வேண்டும் என்று தீர்ப்பளித்தது. எங்கள் குழு முறையீட்டைக் கேட்பதில் சிறந்தது; முறையிடலாம் என்று சொல்வதில் பின்தங்கியிருக்கிறது. அறிவிப்பின் முன்பக்கத்தில் இரண்டு வரி சேர்த்தால் தீர்ந்துவிடும் குறை இது.

தொழில் நடத்துவோரின் மனுக்களில்தான் குழு உண்மையிலேயே தடுமாறுகிறது. என் நண்பருடைய சலவையகத்துக்கு 15 மி.மீ. இணைப்பு போதவில்லை, 25 மி.மீ. இணைப்பு கேட்டிருந்தார். விட்டத்தில் பத்து மில்லிமீட்டர்தான் கூடுகிறது என்று தோன்றும். ஆனால் குழாயின் குறுக்குப் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், பரப்பு ஏறத்தாழ 2.8 மடங்காகிறது. காலை நேரத்தில் எல்லா இயந்திரங்களும் ஒரே சமயத்தில் நிரம்பும்போது அதே தெருவின் மாடி வீடுகளில் அழுத்தம் விழுந்துவிடுமோ என்று குழு கவலைப்பட்டது நியாயம். பத்து மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் ஏறுவதற்கே ஏறக்குறைய ஒரு ‘பார்’ (அழுத்தத்தை அளக்கும் அலகு) அழுத்தம் செலவாகிவிடும். மூன்றாவது மாடியில் குடியிருப்பவருக்கு அந்த ஒரு பார் பெரிய விஷயம்.

ஆனால் அந்தக் கவலையைத் தீர்த்துக்கொண்ட விதம் சரியில்லை. முதல் கூட்டத்தில் இயந்திரங்களின் தண்ணீர்த் தேவைக் கணக்கைக் கேட்டு ஒத்திவைத்தார்கள். இரண்டாவது கூட்டத்தில், தெருக்குழாயில் ஒரு வாரம் கருவி பொருத்தி அழுத்தத்தைப் பதிவுசெய்து பார்க்க வேண்டும் என்று ஒத்திவைத்தார்கள். மூன்றாவது கூட்டத்தில் பதிவு தயாராக இருந்தது, அழுத்தமும் போதுமானதாக இருந்தது. ஓர் உறுப்பினர் வராததால் மறுபடியும் ஒத்திவைத்தார்கள். நான்காவது கூட்டத்தில், பெரிய நிரப்புத் தொட்டி ஒன்றை வைத்து இரவிலேயே நிரப்பிக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு அனுமதி கிடைத்தது. நிபந்தனை புத்திசாலித்தனமானது. முதல் நாளே தேவைக் கணக்கையும் அழுத்தப் பதிவையும் சேர்த்துக் கேட்டிருந்தால் இரண்டாவது கூட்டத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை இது. கசிவுக்குப் பணம் கட்டிய எனக்கு நஷ்டம் ஒருமுறைதான். வாங்கிவைத்த இயந்திரம் ஓடாமல் நிற்க, வாடகையும் கடன் தவணையும் கொடுத்துக்கொண்டிருந்த அவருக்கு ஒவ்வொரு நாளும் நஷ்டம். குழுவில் யாரும் அந்த நஷ்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கேட்டவர்களும் இல்லை.

உணவகங்களின் மனுக்களில் இந்தத் தாமதம் இல்லை. எண்ணெய்ப் பிசுக்கைத் தடுத்து நிறுத்தும் தொட்டி இல்லாமல் சாக்கடை இணைப்பு கிடையாது என்பதில் குழு உறுதியாக இருக்கிறது; நிறையப் பேர் இதைக் கெடுபிடி என்று குறைசொல்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. 2017-இல் லண்டனின் ஒயிட்சேப்பல் பகுதிச் சாக்கடையில் கொழுப்பும் ஈரத்துடைப்பான்களும் சேர்ந்து இறுகி, 250 மீட்டர் நீளமும் சுமார் 130 டன் எடையுமாக அடைத்துக்கொண்டதை உடைத்தெடுக்க வாரக்கணக்கில் ஆட்கள் இறங்கி வேலை செய்ய வேண்டியிருந்தது. சூடாக ஊற்றும்போது தண்ணீரைப் போல ஓடும் கொழுப்பு குழாய்க்குள் குளிர்ந்து உறைகிறது. அடைப்பு ஏற்படுவது ஊற்றியவரின் வாசலில் அல்ல, நாலு தெரு தள்ளி. தெருவிளக்கு மனுக்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கொடுத்த வரிசையில் முடிக்கிறார்கள்.

குழாய் நீட்டிப்பு விவகாரம் மட்டும் என்னை இன்னமும் உறுத்துகிறது. எங்கள் பகுதியின் கடைசியில் வீடு கட்டிய ஒரு குடும்பத்துக்கு, பிரதானக் குழாய் 180 மீட்டர் தள்ளி இருக்கிறது. ஒரு வீட்டுக்கு மெல்லிய குழாயே போதும். ஆனால் பிற்காலத்தில் வரப்போகும் வீடுகளையும் தீயணைப்புக்கான தண்ணீரையும் கணக்கில் கொண்டு 150 மி.மீ. குழாய்தான் போட வேண்டும் என்றும், செலவு முழுவதும் மனுதாரருடையது என்றும் குழு சொன்னது. பெரிய குழாய் போடச் சொன்னது சரி. ஐந்து ஆண்டு கழித்துத் தெருவைத் தோண்டி மறுபடியும் குழாய் மாற்றுவது யாருக்கும் லாபமில்லை. அந்தப் பெரிய குழாயின் செலவை முதலில் வந்த ஒரே குடும்பத்தின் மீது ஏற்றியதுதான் சரியில்லை. இடையில் உள்ள நான்கு காலி மனைகளின் சொந்தக்காரர்கள் நாளை இணைப்புக் கட்டணம் மட்டும் கட்டிவிட்டு அதே குழாயில் தண்ணீர் எடுத்துக்கொள்வார்கள். இப்படி இருந்தால், அக்கம்பக்கத்தார் யாராவது முதலில் போடட்டும் என்று எல்லோரும் காத்திருப்பார்கள்.

இதற்கு வழியில்லாமல் இல்லை. பின்னால் இணைப்பு எடுப்பவர் ஒவ்வொருவரிடமும் அவரது மனையின் முகப்பு நீளத்துக்கு ஏற்ற பங்கை நகர்மன்றமே வசூலித்து, முதலில் செலவு செய்தவருக்குத் திருப்பிக் கொடுக்கும் ஒப்பந்த முறை பல நகரங்களில் நடைமுறையில் இருக்கிறது. பொதுமக்கள் பேசும் நேரத்தில் எழுந்து நான் இதைக் குறிப்பிட்டபோது, தலைவர் இடைமறிக்காமல் கேட்டு, எழுத்தில் கொடுக்கச் சொன்னார். கொடுத்தேன். இரண்டு மாதத்தில் அதை ஒட்டி ஒரு விதி வரைவு தயாராகியிருக்கிறது என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. ஆனால் வரைவில் திருப்பிக் கொடுக்கும் காலம் ஐந்து ஆண்டு என்று இருக்கிறது. காலி மனையில் வீடு எழும்ப ஐந்து ஆண்டு போதாது, பதினைந்து ஆண்டாவது வேண்டும். இன்று செலவாகும் தொகையையே பல ஆண்டு கழித்தும் திருப்பிக் கொடுப்பதாக எழுதியிருக்கிறார்கள்; விலைவாசி ஏற்றத்துக்கு ஈடு எதுவும் இல்லை.

மனு கொடுக்கப் போகிறவர்களுக்கு என் யோசனை: மீட்டர் அளவைத் தேதி தெரியும்படி படம் எடுத்துக்கொள்ளுங்கள், பொறியாளரின் குறிப்பை முன்கூட்டியே கேட்டு வாங்கிப் படியுங்கள், தொழில் இணைப்பு என்றால் அழுத்தப் பதிவை முதல் நாளே நீங்களாகவே எழுத்தில் கோருங்கள். மதிப்பெண் கொடுப்பதென்றால், குடியிருப்போரின் மனுக்களுக்கு ஐந்துக்கு நாலரை, தொழில் நடத்துவோருக்கு இரண்டரை. குழாய் நீட்டிப்புக்கு இப்போது மதிப்பெண் போட மாட்டேன். அந்த வரைவு அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் ஆறாவது பொருளாக இருக்கிறது. தெருக்கோடி வீட்டுக்காரர்களும் நானும் போகிறோம், பதினைந்து ஆண்டு என்பதை வலியுறுத்திப் பேச இருவரும் பெயர் கொடுத்திருக்கிறோம்.