கிளிப்லெஸ் பெடலா, தட்டைப் பெடலா: சேலம் சாலைகளில் நான்கு ஆண்டுகள்

கன்னங்குறிச்சியிலிருந்து செவ்வாய்பேட்டையில் உள்ள அலுவலகத்துக்கு நான் சைக்கிளில் போய்வரத் தொடங்கி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. முதல் இரண்டு ஆண்டுகள் கிளிப்லெஸ் பெடல், அதன்பின் இன்றுவரை தட்டைப் பெடல். மாதத்தில் இரண்டு ஞாயிறுகளாவது ஏற்காட்டுக்கு ஏறுவதும் உண்டு.

பெயரே முதலில் குழப்பும். காலைப் பூட்டிக்கொள்ளும் பெடலுக்குக் 'கிளிப் இல்லாதது' என்று பெயர் வந்ததற்குக் காரணம், முன்பாதத்தைக் கவ்விய பழைய கூண்டும் வாரும் அதில் இல்லை என்பதே. பனிச்சறுக்குக் காலணியின் பூட்டு முறையை லுக் நிறுவனம் 1984இல் சைக்கிளுக்குக் கொண்டுவந்தது. மறு ஆண்டே பிரெஞ்சு வீரர் பெர்னார் இனோ அந்தப் பெடலுடன் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை வென்றார். நான் வாங்கியது ஷிமானோவின் இரண்டு திருகு கொண்ட எஸ்பிடி வகை. பெடலில் பூட்டிக்கொள்ளும் உலோகத் துண்டான கிளீட் காலணியின் அடிப்பள்ளத்துக்குள் அடங்கியிருப்பதால் இறங்கி நடக்கலாம், வழவழப்பான கிரானைட் படிகளைத் தவிர.

வீட்டிலிருந்து அலுவலகம் போய்ச் சேர்வதற்குள் எத்தனை முறை கால் ஊன்றுகிறேன் என்று ஒருநாள் எண்ணினேன்: இருபத்து மூன்று. அத்தனை முறையும் குதிகாலை வெளிப்பக்கம் திருப்பி விடுவித்து, மறுபடி மாட்ட வேண்டும். மூன்றாவது வாரத்தில், அஸ்தம்பட்டி அருகே முன்னால் சென்ற ஆட்டோ சட்டென நின்றபோது, இடது காலை விடுவித்த நான் வலப்பக்கம் சாய்ந்து நின்ற இடத்திலேயே விழுந்தேன். டீக்கடை வாசலிலிருந்த பெரியவர், "ஏனுங்க, காலை ஊனியிருக்கலாமுங்களே?" என்று கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. பிறகு, பெடலின் பிடிப்பை மூன்று மில்லிமீட்டர் ஆலன் சாவியால் தளர்த்தி, எந்தப் பக்கம் திருப்பினாலும் கழன்றுவிடும் வேறு கிளீட்டையும் மாட்டினேன். அதன்பின் விழவில்லை என்றாலும், நெரிசலில் சாலையைப் பார்க்க வேண்டிய கவனத்தில் ஒரு பங்கு எப்போதும் குதிகாலிலேயே இருந்தது. நான் தட்டைப் பெடலுக்கு மாறியதற்கு அதுவே முதற்காரணம்; கிளீட்டைச் சற்றுக் கோணலாகப் பூட்டியதால் வந்த முழங்கால் வலி இரண்டாவது.

மலையில் கிளிப்லெஸ் இல்லாமல் முடியாது என்றுதான் நானும் நம்பியிருந்தேன். இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்துக்கு ஏறும் ஏற்காட்டுப் பாதையில், பெடலை மேலே இழுப்பதால் பெரிய உதவி கிடைக்கும் என்பது மிகை. விசையில் பெரும்பங்கு கீழே அழுத்தும்போதுதான் பிறக்கிறது. பெடல் மாற்றிய பிறகு நான் ஏறும் நேரம் இரண்டு நிமிடத்துக்கு மேல் கூடவில்லை. மாறாக, வளைவில் பேருந்துக்கு வழிவிட்டோ, குறுக்கே வரும் குரங்குக்காகவோ ஏற்றத்தில் நின்றுவிட்டால், வண்டி பின்னுக்கு இழுக்கும்போதே கிளீட்டைத் துழாவி மாட்டுவது பெரும்பாடு. கிளிப்லெஸ் உண்மையில் கைகொடுப்பது எழுந்து நின்று மிதிக்கும்போதும், கரடுமுரடான இறக்கத்திலும்தான்: பாதம் துள்ளாது. அந்த உறுதியை இன்றும் இழந்ததாகவே உணர்கிறேன்.

தட்டைப் பெடல் வாங்குவோர் பிளாஸ்டிக்கைத் தவிர்த்து, சிறு உலோக முட்கள் உள்ளதையும், அந்த முட்கள் பதியக்கூடிய மென்மையான ரப்பர் அடிப்பாகம் கொண்ட காலணியையும் தேர்ந்தெடுப்பது நல்லது. ஐப்பசி மழையிலும் எனக்குக் கால் வழுக்கியதில்லை. முள் கீறிய தழும்பு முழங்காலுக்குக் கீழே இரண்டு இருக்கிறது. செருப்புடன் மூக்கனேரிவரை போய்வர முடிவதை யாரும் சிறப்பாகச் சொல்வதில்லை. அன்றாட வண்டிக்கு அதைவிட என்ன வேண்டும்?

பெடலை மாற்றும்போது இடப்பக்கத்து மரை தலைகீழானது என்பதை நினைவில் வைக்க வேண்டும். அதை மறந்த ஒரு பட்டறையில் பெடலைத் தாங்கும் என் அலுமினியத் தண்டின் (கிராங்க்) மரையே தேய்ந்துபோய், புதியது வாங்க நேர்ந்தது. அதனால் 15 மில்லிமீட்டர் ஸ்பேனர் ஒன்றை வாங்கி இப்போது நானே மாற்றிக்கொள்கிறேன். ஒருபுறம் தட்டையும் மறுபுறம் பூட்டும் உள்ள பெடலை நண்பரிடம் வாங்கி ஒரு மாதம் ஓட்டிப் பார்த்தேன். சிக்னல் பச்சையாகும்போதெல்லாம் வேண்டாத பக்கமே மேலே வந்து நின்றதால் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.