அஞ்செட்டி பக்கம் எரிநட்சத்திர இரவு: கயிற்றுக் கட்டிலுக்கே கொடுத்த காசு தகும்

தேன்கனிக்கோட்டை தாண்டி அஞ்செட்டி போகிற வழியில், காட்டை ஒட்டிய ஒரு தோட்டத்து விடுதியில் 2025 டிசம்பர் 13 ராத்திரி, வருடா வருடம் வரும் ஜெமினிட் எரிநட்சத்திர மழையைப் பார்க்க ஏற்பாடு செய்திருந்தார்கள். ஆளுக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய். ராத்திரிச் சாப்பாடு, மொட்டை மாடியில் படுக்க இடம், டெலஸ்கோப், ஒரு விளக்க உரை, விடியற்காலை காபி எல்லாம் அதில் அடக்கம். வீட்டில் அண்ணன் பிள்ளைகளோடு குடும்பமாகப் போனோம். காசுக்குத் தகுமா என்றால், தாராளமாகத் தகும். ஆனால் விளம்பரத்தில் எதைப் பெரிதாகப் போட்டிருந்தார்களோ அதற்காக இல்லை.

விளம்பரம் முழுக்க டெலஸ்கோப் படம்தான். எரிநட்சத்திரம் பார்க்க அது உதவவே உதவாது. டெலஸ்கோப் வானத்தில் ஒரு பொட்டளவு இடத்தைக் காட்டும், எரிநட்சத்திரமோ எந்த மூலையில் தென்படும் என்று யாருக்கும் தெரியாது, கண் மூடித் திறப்பதற்குள் முடிந்தும் போய்விடும். இதற்கு வேண்டியதெல்லாம் இருட்டும், மல்லாந்து படுக்க ஒரு இடமும், பொறுமையும்தான். அந்த டெலஸ்கோப்பில் வியாழனையும் அதன் நாலு நிலாக்களையும் காட்டினார்கள், சனியின் வளையம் கோடு மாதிரி மெலிந்து கிடந்தது, பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். சரி, அது தனிச் சந்தோஷம்.

என் மனசு நிறைந்தது கயிற்றுக் கட்டில்களைப் பார்த்துத்தான். மாடியில் வரிசையாகப் போட்டு, ஒவ்வொன்றிலும் கனமான கம்பளி வைத்திருந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலியில் அண்ணாந்து உட்கார்ந்தால் அரை மணியில் கழுத்து பிடித்துக்கொள்ளும், பாய் விரித்தால் சிமெண்டுக் குளிர் முதுகில் ஏறும். கயிற்றுக் கட்டிலில் இரண்டும் இல்லை, உடம்பு லேசாகத் தொய்ந்து படுக்கிறது, தலை தானாக வானத்தைப் பார்க்கிறது. யார் யோசித்தார்களோ, அவர் நன்றாக இருக்க வேண்டும். நள்ளிரவுக்கு மேல் பனி இறங்கிக் கம்பளியின் மேல்புறம் ஈரமாகிவிடும், குல்லாவும் இன்னொரு போர்வையும் கையோடு கொண்டு போங்கள்.

குறை சொல்ல வேண்டியது வெளிச்சத்தைப் பற்றி. மாடிப்படியில் டியூப் லைட், முற்றத்தில் நெருப்பு மூட்டி ஸ்பீக்கரில் பாட்டு, வாசலில் பெரிய எல்இடி விளக்கு என்று பத்து மணி வரைக்கும் இதே கதை. நம் கண் இருட்டுக்குப் பழக இருபது, முப்பது நிமிடம் ஆகும், இடையில் ஒரு வெளிச்சம் அடித்தால் மறுபடி முதலிலிருந்து. சமையல் பார்க்கும் தம்பியிடம் சொன்னேன். "அண்ணா, யானை வர்ற இடம், கேட்டு லைட்ட மட்டும் அணைக்க முடியாது" என்றார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, சுற்றிலும் ராகி அறுவடை நேரம். கடைசியில் ஒரு கோணிச் சாக்கை மடித்து விளக்கின் மேல்பக்கமும் மாடிப்பக்கமும் கட்டி, வெளிச்சம் ரோட்டுக்கு மட்டும் போகிற மாதிரி செய்துவிட்டு, மற்றதையெல்லாம் அணைத்தார். அதற்கப்புறம்தான் வானம் வானமாக இருந்தது. இதை முதலிலேயே செய்திருக்கலாம் இல்லையா? வடக்கே ஓசூர், பெங்களூர் வெளிச்சத்தில் அடிவானம் வெளுத்துத்தான் கிடக்கும், அதற்கு யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

பதினொன்றரை இருக்கும். புனர்பூசம் நன்றாக மேலே ஏறிவிட்டது, பக்கத்திலேயே வியாழன். அங்கிருந்து தெற்கே ஒன்று இறங்கியது பாருங்கள், லேசாகப் பச்சை கலந்த வெள்ளை, வரவரப் பெருத்து, தண்ணீர்த் தொட்டியின் நிழல் கைப்பிடிச் சுவரில் விழுந்து நகர்ந்தது. துளி சத்தம் இல்லை. போன பிறகும் ஒரு கோடு சில விநாடி மங்கலாக நின்றது. வெள்ளியை விடப் பிரகாசமாக எரிந்தால் அதைத் தீப்பந்து என்பார்கள், இது சந்தேகமே இல்லாமல் தீப்பந்துதான். "சித்தப்பா, எங்க விழுந்திருக்கும்?" என்று சின்னவன் எழுந்தே நின்றுவிட்டான். எங்கேயும் விழாது. இந்த மழையில் வருவதெல்லாம் மணல், பட்டாணி அளவுத் துணுக்குகள், ஏறக்குறைய 80 முதல் 100 கிலோமீட்டர் உயரத்திலேயே எரிந்து தீர்ந்துவிடும். 2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்கில் ஜன்னல்களை நொறுக்கியது ஏறக்குறைய 20 மீட்டர் அகலப் பாறை, அதற்கும் இந்த வருடாந்திர மழைகளுக்கும் சம்பந்தமில்லை.

விளக்க உரை சொன்ன இளைஞர் ஆர்வமாகப் பேசினார், வால்நட்சத்திரம் சூரியனை நெருங்கும்போது உதிர்க்கும் தூசியில் பூமி ஒவ்வொரு வருடமும் அதே தேதிகளில் நுழைகிறது என்பதை அழகாக விளக்கினார். ஆனால் அன்றைக்குப் பார்த்த ஜெமினிட் மழைக்கும் ஒரு வால்நட்சத்திரம்தான் காரணம் என்றது சரியில்லை. அதன் தாய் 3200 பேத்தான், 1983இல் ஐராஸ் விண்கலம் கண்டுபிடித்த சிறுகோள். ஏறக்குறைய 1.4 வருடத்துக்கு ஒருமுறை புதனை விடவும் உள்ளே போய்ச் சூரியனைச் சுற்றி வருகிறது. வழக்கமான வால்நட்சத்திரம் மாதிரி பனிக்கட்டி வால் இல்லாத இது இவ்வளவு தூசியை எப்படிக் கொட்டியது என்பது இன்னும் ஆராய்ச்சியில் இருக்கும் கேள்வி, கூட்டத்துக்கு அதைச் சொல்லியிருந்தால் எவ்வளவு சுவையாக இருந்திருக்கும்! வால்நட்சத்திரத்துக்கு உதாரணம் வேண்டுமென்றால் அக்டோபர் ஓரியானிட் மழை இருக்கிறது, அது ஹாலி வால்நட்சத்திரத்தின் தூசி. ஆகஸ்டில் வரும் பெர்சியிட், 133 வருடத்துக்கு ஒருமுறை வரும் ஸ்விஃப்ட்-டட்டில் வால்நட்சத்திரம் உதிர்த்தது. ஆனால் ஆகஸ்டில் நமக்கு மேகம் அதிகம், அது கிளம்பி வருவதுபோல் தோன்றும் இடமும் வடக்கே தாழ்வாக இருக்கும். நம் ஊருக்கு ஜெமினிட்தான் பொருத்தம், அது கிளம்புவதுபோல் தோன்றும் புனர்பூசப் பக்கம் ராத்திரி இரண்டு மணி வாக்கில் கிட்டத்தட்ட உச்சிக்கே வந்துவிடும். வினாடிக்கு 35 கிலோமீட்டர் என்று கொஞ்சம் நிதானமாக வருவதால் கண்ணுக்கும் நன்றாகச் சிக்கும். செய்தியில் போடும் மணிக்கு 120, 150 எரிநட்சத்திரம் என்பது அப்பழுக்கில்லாத இருட்டுக்கான கணக்கு, அதில் பாதி பார்த்தாலே பெரிய விஷயம்.

சாப்பாடு அருமை. களியும் அவரைக்கொட்டைக் குழம்பும், கேட்கக் கேட்கப் போட்டார்கள்.

2026 டிசம்பரில் வளர்பிறை நிலா முன்னிரவிலேயே மறைந்துவிடும் என்பதால் 2025ஐ விட நல்ல வாய்ப்பு, டிசம்பர் மேகம் மட்டும் வழிவிட வேண்டும். இருட்டுவதற்கு முன் போய்ச் சேருங்கள், காட்டு ரோட்டில் ராத்திரி யானை குறுக்கே வரும். முன்பணம் கட்டும் முன் விளக்கை எத்தனை மணிக்கு அணைப்பீர்கள், மழை மேகம் வந்தால் பணம் திரும்ப வருமா என்று இரண்டையும் கேட்டுக்கொள்ளுங்கள். எங்களிடம் இரண்டாவதற்குச் சரியான பதில் சொல்லவில்லை.