வவுனியாவின் ஒரு நாட்டு மருந்துக் கடையும் அதன் வெறும் அபின் லாச்சியும்

வவுனியா நகரில் மன்னார் வீதிப் பக்கமாக உள்ள இந்த நாட்டு மருந்துக் கடையின் உரிமையாளர் தமக்கு விளம்பரம் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், அதன் பெயரைக் குறிப்பிடாமலே எழுதுகிறேன். ஓமந்தை, நெடுங்கேணி, செட்டிகுளம் முதலிய ஊர்களில் பரியாரியார் என்னும் நாட்டு வைத்தியர் எழுதிக் கொடுக்கும் துண்டோடு சரக்கு வாங்கப் புறப்படுகிறவர்களுக்கு வவுனியாதான் அருகிலுள்ள பெரிய நகரம். அவ்வாறு வருகிறவர்கள் இக்கடையை நம்பிப் போகலாம் என்பதே என் முடிவு. கொடுக்கக் கூடாததைக் கொடுக்க மறுப்பதில் இவர்கள் காட்டும் உறுதியே அம்முடிவுக்கு முதற் காரணம். அந்த உறுதியின் அருமையை உணர, அபின் என்ற ஒரு சரக்கின் வரலாற்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் சரக்கின் தரம். கடுக்காய் கேட்டால் ஒன்றை எடுத்து உடைத்து, உள்ளே பூச்சி அரிக்கவில்லை என்று காட்டிய பிறகே நிறுக்கிறார்கள். வில்வம்பிஞ்சு நிழலில் உலர்த்தப்பட்டு, கைப்பு மணம் குன்றாமல் இருக்கிறது. திப்பிலியும் அதிமதுரமும் புதியவை. சென்ற ஆண்டின் மிச்சத்தோடு கலந்தவை அல்ல. பிள்ளைப்பேற்று வீட்டுக்கான சரக்குத்தூளை எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி அரைக்காமல், வறுக்க வேண்டியவற்றைத் தனித்தனியே வறுத்து அரைத்துச் சலித்துத் தருகிறார்கள். அந்தத் தூளைக் கையில் எடுத்துத் தேய்த்தால் நறநறப்பு இல்லை. இவ்வளவு பொறுமை இப்போது எல்லாக் கடைகளிலும் கிடைப்பதில்லை.

நாவி, எட்டிக்கொட்டை, சேராங்கொட்டை ஆகியவை தனிப் பெட்டியில் பூட்டி வைக்கப்பட்டிருக்கின்றன. இவை சுத்தி செய்து நச்சு நீக்கப்படாவிட்டால் உயிரைக் குடிக்கும் சரக்குகள். பதிவுபெற்ற வைத்தியரின் துண்டு இல்லாமல் இவற்றில் ஒரு கிராமும் வெளியே போகாது. துண்டு இருந்தாலும், யாருக்கு, எவ்வளவு, எந்த வைத்தியர் சொல்லி என்று ஒரு கொப்பியில் எழுதிய பிறகே பொதி கட்டுகிறார்கள்.

கடையின் பின்சுவரை மறைத்து நிற்கும் முதிரைமர அலுமாரி உரிமையாளரின் பாட்டனார் காலத்தது. அதன் லாச்சிகளில் வெள்ளை மையால் எழுதிய சரக்குப் பெயர்களில் பல அழிந்துவிட்டன. கீழ்வரிசை மூலையில் உள்ள சிறிய லாச்சியில் மட்டும் 'அபின்' என்ற எழுத்துத் தெளிவாக இருக்கிறது. மற்ற லாச்சிகளுக்கு இல்லாத பூட்டுத்தகடு அதற்கு இருக்கிறது. திறந்தால் உள்ளே ஒன்றும் இல்லை. நான் நின்றிருந்த வேளையில் முதியவர் ஒருவர், தம் தகப்பனார் காலத்தில் வயிற்றுக்கடுப்புக்குக் கொடுத்த அபின் உருண்டை வேண்டும் என்று கேட்டார். உரிமையாளர் எழுந்து நின்று, "ஐயா, அது இப்ப எங்களிட்ட இல்லை. இருந்தாலும் நான் தரமாட்டன். கிராணிக்கு வேற நல்ல மருந்து இருக்கு, இருங்கோ" என்று சொல்லி அவரை வாங்கில் இருத்தினார்.

அம்முதியவர் கேட்டதில் பிழையில்லை. அபின் வயிற்றோட்டத்தைக் கட்டும், நோவை அடக்கும், இருமலைத் தணிக்கும். இன்றைய மருத்துவமனைகளில் பயன்படும் மோர்பினும் கொடெயினும் கசகசாக் காயிலிருந்து வடியும் அந்த அபின் பாலிலிருந்தே வந்தவை. நம் வைத்தியர்கள் அதன் அளவை அறிந்தே கையாண்டார்கள். ஒரு வைத்தியரின் கையில் குன்றிமணி அளவில் நின்ற சரக்கை உலக வாணிபத்தின் பெருஞ்சரக்காக்கி, அதையே அரசாங்கத்தின் கருவூலத்துக்கு ஊற்றாக்கியது பிரித்தானியர் ஆட்சி.

வங்காளத்தில் அபின் கொள்முதலை 1773இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் கிழக்கிந்தியக் கம்பனியின் தனியுரிமையாக்கினார். 1797 முதல் கம்பனி தன் முகவர்கள் மூலமாகவே பயிர்ச்செய்கையை நடத்தியது. பீகாரிலும் காசிப் பக்கத்திலும் உழவர்களுக்கு முற்பணம் கொடுக்கப்பட்டது. முற்பணம் வாங்கியவர் விளைந்த பால் முழுவதையும் அரசு சொன்ன விலைக்கு அரசிடமே ஒப்படைக்க வேண்டும், வேறெவருக்கும் விற்றால் குற்றம். பட்னாவிலும் காசிப்பூரிலும் இருந்த தொழிற்கூடங்களில் அந்தப் பால் உருண்டைகளாகப் பிடிக்கப்பட்டு, பூவிதழ்களால் போர்த்தப்பட்டு, பெட்டிக்கு 40 உருண்டை வீதம் அடுக்கப்பட்டது. ஒரு பெட்டியில் ஏறக்குறைய 63 கிலோ அபின் இருக்கும். பெட்டிகள் கல்கத்தாவில் ஏலம் விடப்பட்டன. சீனப் பேரரசு அபினைத் தடை செய்திருந்ததால், ஏலத்தோடு கம்பனி கையைக் கழுவிக்கொண்டது. கடல் கடத்தும் வேலையைத் தனியார் வணிகர்கள் செய்தார்கள். இதையொட்டி 1839இலும் 1856இலும் பிரித்தானியாவுக்கும் சீனாவுக்கும் இடையே இரு போர்கள் மூண்டன. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நிலவரியோடும் உப்புவரியோடும் சேர்த்து எண்ணத்தக்க பெருவருமானமாக அபின் இருந்தது. மக்களின் உடல்நலம் என்ற சொல் அந்தக் கணக்கில் எங்கும் இடம்பெறவில்லை என்பதை மனவேதனையோடு குறிப்பிடுகிறேன்.

வடபுலத்துத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் முன்னோர், மலாயாவிலும் சிங்கப்பூரிலும் எழுதுவினைஞர்களாகவும் புகையிரதப் பகுதி உத்தியோகத்தர்களாகவும் பணியாற்றியவர்கள். அவர்களில் ஒரு பகுதியினர் சம்பளம் வாங்கிய, சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களின் அரசாங்கத்துக்குப் பல ஆண்டுகளில் ஏறக்குறைய பாதி வருமானம் அபினிலிருந்தே வந்தது. அங்கே கையாளப்பட்ட முறை குத்தகை. மூல அபினைக் காய்ச்சிப் புகைப்பதற்கான சண்டு ஆக்கி விற்கும் உரிமையை அரசு ஏலத்தில் விட, பெரும்பாலும் சீன வணிகர் கூட்டுகள் அதை எடுத்து மாதந்தோறும் குத்தகைப் பணத்தைக் கட்டின. அதைப் புகைத்தவர்களில் பெருந்தொகையினர் ரிக்‌ஷா இழுத்தவர்களும், துறைமுகத்தில் சுமை தூக்கியவர்களும், ஈயச் சுரங்கங்களில் உழைத்தவர்களும். 1910இல் அரசு குத்தகையை நிறுத்தித் தானே காய்ச்சித் தானே விற்கத் தொடங்கியது. கட்டுப்படுத்தவே பொறுப்பேற்றோம் என்றார்கள்; ஆனால் வருமானம் அதன் பின்னும் பல ஆண்டுகள் கருவூலத்துக்குப் போய்க்கொண்டுதான் இருந்தது.

இலங்கையில் கசகசாச் செடி பயிராகவில்லை. அபின் பெரும்பாலும் இந்தியாவிலிருந்து வந்தது. இங்கே சாராயக் குத்தகையே அரசின் பெரிய வரும்படி, அபின் அதன் நிழலில் வளர்ந்த சிறிய வரும்படி. துறைமுகத்தில் தீர்வை, விற்பனைக்கு அனுமதிப்பத்திரம் என்று இரண்டு இடத்தில் அரசு பணம் எடுத்தது. அனுமதிப்பத்திரம் பெற்ற கடைகளுக்கு எதிராக நாட்டில் எழுந்த குரல்களுக்குப் பின்னரே, 1910ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இறக்குமதி அரசின் கைக்கு மாறியது. அபின் பழக்கமுள்ளவர்களும் அதை மருந்தாகப் பயன்படுத்திய நாட்டு வைத்தியர்களும் பதிவேட்டில் பெயர் எழுதிக்கொண்டு அரசிடமிருந்தே பெற வேண்டியதாயிற்று. பின்னர் 1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நஞ்சுகள், அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம் வந்தது. பல திருத்தங்களோடு இன்றும் நடைமுறையில் இருப்பது அதுவே.

வவுனியா அடங்கிய வன்னிக்கு இதில் தனியாக ஒரு தொடர்பு உண்டு. குளங்களும் காடும் சூழ்ந்த இந்த மண்ணில் மலேரியாக் காய்ச்சல் தலைமுறை தலைமுறையாக ஆட்களைத் தின்றது. இந்தியாவின் அபின் பழக்கத்தை ஆராய 1893இல் நியமிக்கப்பட்ட அரச ஆணைக்குழுவின் முன், காய்ச்சல் மிகுந்த ஈரநிலங்களில் அபின் ஒரு காப்பு என்று சாட்சியம் சொன்னவர்கள் இருந்தார்கள். 1895இல் வெளிவந்த பெரும்பான்மை அறிக்கை தடை தேவையில்லை என்றே முடித்தது. அபின் நடுக்கத்தையும் நோவையும் மறக்கச் செய்யும்; மலேரியாக் கிருமியைக் கொல்லாது. அன்று அந்தக் காய்ச்சலுக்கு வேண்டியிருந்தது கொயினா மருந்தும் வைத்தியமும். வருவாய் குறையக் கூடாது என்ற கவலை, காய்ச்சற்காரனின் பெயரால் பேசியது எனக்கு இன்றும் பொறுக்க முடியாத ஒன்று.

இந்தப் பின்னணியில்தான் கடைக்காரர் அன்று செய்ததை மதிக்கிறேன். அவர் முதியவருக்கு எத்தனை நாள், காய்ச்சல் உண்டா, இரத்தம் போகிறதா என்று விசாரித்தார். இரத்தம் போவதாகச் சொன்னதும் சரக்குக் கட்டுவதை நிறுத்தி, "முதல்ல ஆசுப்பத்திரியில காட்டுங்கோ ஐயா, பிறகு வாங்கோ" என்று அனுப்பினார். சாதாரண வயிற்றோட்டத்துக்கு அவர் தரும் மாதுளந்தோடு, வில்வம்பிஞ்சு, சாதிக்காய் சேர்ந்த கிராணிச் சூரணத்தின் உறையில் சேர்ந்த சரக்கெல்லாம் பெயர் பெயராக எழுதப்பட்டிருக்கிறது. 'அபின், கஞ்சா சேரவில்லை' என்று ஒரு வரியும் உண்டு. உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாத உருண்டைகளைப் பழைய முறை மருந்து என்று சொல்லிச் சந்தைகளில் விற்பவர்கள் இருக்கிறார்கள். அவற்றை வாங்க வேண்டாம் என்று இதை வாசிக்கும் ஒவ்வொருவரையும் வேண்டிக் கேட்கிறேன்.

குறைகளும் உண்டு. சூரண உறைகளில் சரக்கின் பெயர்கள் இருக்கும் அளவுக்குத் தயாரித்த நாளும் காலாவதி நாளும் ஒழுங்காக இல்லை. சிலவற்றில் உண்டு, சிலவற்றில் இல்லை. விலைப்பட்டியல் எங்கும் தொங்கவில்லை. கேட்டால் சொல்கிறார்கள், நியாயமாகவும் இருக்கிறது, ஆனாலும் கேட்கத் தயங்குபவர்கள் பலர். இவற்றைவிடப் பெரிய குறை அந்தப் பதிவுக் கொப்பி. அது மேசையிலேயே விரித்தபடி கிடப்பதால், அடுத்து நிற்பவர் எவரும் முன்னர் வந்தவரின் பெயரையும் வாங்கிய சரக்கையும் படித்துவிடலாம். ஒருவருடைய நோயை ஊர் அறிய வேண்டியதில்லை. எழுதியதும் கொப்பியை மூடி லாச்சியில் வைக்கும்படி உரிமையாளரிடம் கேட்டேன், செய்கிறேன் என்றார். அந்த வெறும் அபின் லாச்சியே அதற்குப் போதுமான அளவு, பூட்டும் போடலாம் என்பது என் யோசனை.

போகிறவர்கள் பரியாரியாரின் துண்டை மறவாமல் எடுத்துச் செல்லுங்கள். வாயால் சொல்லும் பெயர்களில் ஊருக்கு ஊர் வேறுபாடு இருப்பதால், துண்டு இருந்தால் சரக்கு மாறாது. தூள் அரைக்கக் கொடுப்பவர்கள் காலையிலேயே கொடுத்துவிட்டால் பிற்பகலில் எடுக்கலாம். முல்லைத்தீவுப் பக்கமிருந்து வருகிறவர்கள் திரும்பும் பஸ் நேரத்தைக் கடைக்காரரிடம் முதலே சொல்லி வைத்தால், அதற்கேற்ப அரைத்து வைத்துவிடுகிறார்கள்.