அம்மாயியின் வேதாகமத்துக்குப் புது அட்டை

ஈரோடு மணிக்கூண்டுக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கும் அந்த பைண்டிங் கடைக்கு ஐந்துக்கு மூன்றரை மதிப்பெண் கொடுக்கிறேன்.

முதுகு கிழிந்துபோன பழைய மொழிபெயர்ப்பு வேதாகமம். 600 ரூபாய், பத்து நாள். பாரம் பாரமாக, அதாவது மடித்த தாள் கட்டுகளாகப் பிரித்து நூலில் தைத்து, மயில்துத்தம் கலந்த மைதாப் பசையில் காலிகோ துணி ஒட்டியிருக்கிறார். விரித்தால் மேசையில் படிந்து கிடக்கிறது. பக்கங்களை எண்ணிப் பார்த்து, "யோவான் முதல் நிருபத்தில் ஒரு தாள் குறைகிறதுங்க" என்று சொன்னவரும் அவர்தான்.

அந்தத் தாளுக்கு ஜெராக்ஸ் போதும் என்றார். அச்சகத்தில் முப்பது வருடம் பிழை திருத்தியவன் என்ற திமிரில் நானே கையால் எழுதிக் கொடுத்தேன். ஒட்டியபிறகுதான் பார்த்தேன்: ஐந்தாம் அதிகாரத்தில், 'சாட்சியிடுகிறவர்கள் மூவர்' என்று எழுதிய கண், அடுத்த வசனத்தின் 'சாட்சியிடுகிறவைகள் மூன்று' என்பதற்குத் தாவி, நேரே 'ஆவி, ஜலம், இரத்தம்' என்று போய்விட்டது. பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி மூவரும் காணோம்.

வேடிக்கை என்னவென்றால், பழைய கிரேக்கச் சுவடிகளிலும் அவர்கள் அங்கே இல்லை. கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு வெளியிட்ட அறிஞர் எராஸ்மஸ் 1516, 1519 பதிப்புகளில் அந்த வரியைச் சேர்க்கவில்லை, 1522இல்தான் சேர்த்தார். என்னைப் போல யாரோ கண் தாவி விட்டுவிட்டார்கள் என்று வாதிடுகிறவர்கள் உண்டு. ஒரு கை தவறும், ஒப்புக்கொள்கிறேன். ஊர் ஊராக எழுதிய கைகளெல்லாம் ஒரே இடத்திலா தவறும்? புரூஃப் பார்த்தவன் அதை நம்பமாட்டான். லத்தீன் பிரதிகளிலிருந்து வந்த வரி அது.

ஒன்றரை மதிப்பெண்ணைக் குறைத்தது வெட்டு இயந்திரத்துக்காக. கேட்காமலே ஓரத்தைக் கால் அங்குலம் சீவிவிட்டார்கள். பெதஸ்தா குளத்தருகே, யோவான் 5:4 ஓரத்தில் அம்மாயி பென்சிலால் எழுதியிருந்ததில் பாதி போய்விட்டது. தேவதூதன் தண்ணீரைக் கலக்கும் அந்த வசனமே ஓரக்குறிப்பாக இருந்து உள்ளே வந்திருக்கும் என்பது பல அறிஞர்களின் கணிப்பு; மிகப் பழைய கிரேக்கப் பிரதிகளான சினாய், வத்திக்கான் சுவடிகளில் அது கிடையாது. அங்கே ஓரம் உள்ளே வந்தது, இங்கே குப்பைக்குப் போனது. கொடுக்கும்போதே "ஓரம் வெட்ட வேண்டாம்" என்று சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சபை மூப்பரான மச்சான் என் தாளைப் பார்த்து முகம் சுளித்தார். வேதத்தில் பிழையே இல்லை என்பவர். வேதம் பிழையற்றது என்று அறிவித்த 1978இன் சிகாகோ அறிக்கைகூட மூலப்பிரதிக்குத்தானே அதைச் சொல்கிறது என்றேன். "அப்படியானால் உங்கள் பிரதியைத் திருத்துங்கள் மாப்பிள்ளை" என்றார். கடையில் கேட்டேன். பிய்த்தால் பக்கத்துத் தாளும் கிழியுமாம். வேண்டுமானால் மேலே ஒட்டுச்சீட்டு ஒட்டித் தருவார்களாம், 20 ரூபாய்.